ஹெட்ஃபோனில் முப்பரிமாண ஒலி சொதப்புகிறதா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

பைனாரல் (இரு காதுக்கும் தனித்தனியே ஒலி தந்து திசையைக் காட்டுவது), ஆம்பிசானிக்ஸ் (சுற்றியுள்ள எல்லாத் திசை ஒலியையும் சில சேனல்களில் அடக்குவது), மெய்நிகர் அறை ஒலியியல் என்று படிக்கத் தொடங்குபவர்கள் என்னிடம் கொண்டுவரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. "முன்னாடி வச்சேன், பின்னாடி கேக்குது", "தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு", "இடது பக்கம் வச்சது மேலே போயிடுச்சு". அதோடு சேர்த்து, எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம் என்றும் கேட்பார்கள். எதுவும் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை காசில்லாமல் தீர்ந்துவிடும். எங்கோ சேனல் வரிசை மாறியிருக்கும், அல்லது நாம் கேட்காமலே ஏதோ ஒரு வசதி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். பணம் கேட்கும் காரணம் கடைசியில்தான்.

ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து இசைப் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச ஐஇஎம் பிளக்-இன் தொகுப்பு, வயர் உள்ள ஒரு ஹெட்ஃபோன் ஆகியவை உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு கருவிகளில் பெயர்கள் மாறும், சோதனைகள் மாறாது.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

முழு மிக்ஸை ஓடவிட்டுக் கோளாறு தேடாதீர்கள். ஒரே ஒரு ஒலி போதும். நான் சாவிக்கொத்தைத்தான் பயன்படுத்துகிறேன். ஃபேனை நிறுத்திவிட்டு, மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், நிறுத்துங்கள், மறுபடி குலுக்குங்கள். மோனோவாகப் பதிவு செய்யுங்கள். தொடக்கம் கூர்மையாக இருக்கும், 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே நிறையச் சத்து இருக்கும், இடையில் அமைதியும் இருக்கும். திசையைக் கண்டுபிடிக்கக் காதுக்கு வேண்டியது இவைதான். புல்லாங்குழலையோ ஹம்மிங்கையோ வைத்துச் சோதித்தால் நல்ல அமைப்பும் கெட்டுப்போனது போலத் தெரியும்.

அப்புறம் இந்த நான்கையும் பாருங்கள்.

இடது சேனலில் மட்டும் சாவியை ஓடவிடுங்கள். இடக்காதில் மட்டும் கேட்கிறதா? ஹெட்ஃபோனை மாற்றி மாட்டியிருப்பது நினைப்பதைவிடச் சகஜம்.

ப்ளூடூத்தை விட்டு வயருக்கு மாறுங்கள். ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக்கை ஏதாவது ஒரு செயலி பிடித்துக்கொண்டால், பல கணினிகளில் மொத்த இணைப்பும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். அப்போது ஒலி மோனோவாகிவிடும், மேல் அதிர்வெண்களும் போய்விடும். முப்பரிமாணம் என்று எதுவும் மிஞ்சாது.

போனிலும் கணினியிலும் 'மோனோ ஆடியோ' அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்கும் வசதிக்கான அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும்.

கடைசியாக, இரட்டை வேலை நடக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் சோனிக், டால்பி அட்மாஸ், ஏர்பாட்ஸின் ஸ்பேஷியல் ஆடியோ, போனில் உள்ள 'சரவுண்ட்', 'பாஸ் பூஸ்ட்' எல்லாவற்றையும் அணையுங்கள். நீங்கள் ஏற்கெனவே பைனாரலாக மாற்றிய ஒலியை இவை ஸ்டீரியோ என்று நினைத்து இன்னொரு முறை பைனாரலாக மாற்றும். விளைவு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். 'ஏதோ சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை' என்று வரும் புகார்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

## அறிகுறி: இடம் வலம் நகர்கிறது, முன், பின், மேல் எல்லாம் ஒன்றாகவே கேட்கிறது

சேனல் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. இன்று வழக்கில் உள்ள ஏசிஎன் என்ற ஆம்பிசானிக் சேனல் வரிசையில் முதல் சேனல் எல்லாத் திசைக்கும் பொது, இரண்டாவது இடம்-வலம், மூன்றாவது மேல்-கீழ், நான்காவது முன்-பின். ட்ராக் இரண்டு சேனலில் நின்றுவிட்டால் இடம்-வலம் மட்டும் டிகோடருக்கு (ஆம்பிசானிக் சேனல்களை ஹெட்ஃபோனுக்கோ ஸ்பீக்கருக்கோ ஏற்ப மாற்றும் பிளக்-இன்) போய்ச் சேரும். மற்றவை வழியிலேயே உதிர்ந்துவிடும்.

பார்க்க வேண்டிய இடங்கள், இதே வரிசையில்:

1. ட்ராக்கின் சேனல் எண்ணிக்கை. ஆர்டர் என்பது திசை நுணுக்கத்தின் படி; அது ஏற ஏறச் சேனலும் கூடும். முதல் ஆர்டருக்கு 4, மூன்றாம் ஆர்டருக்கு 16, ஐந்துக்கு 36, ஏழுக்கு 64. இரண்டாம் ஆர்டருக்கு 9 வேண்டும். ரீப்பர் இரட்டை எண்தான் தரும் என்பதால் 10 வையுங்கள்.
2. சென்ட் (ஒரு ட்ராக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஒலியை அனுப்பும் இணைப்பு). ரீப்பரில் புதிதாகப் போடும் சென்ட் வழக்கமாக 1/2 சேனலை மட்டும் அனுப்பும். அதைத் திறந்து 1–16 என்று மாற்ற வேண்டும். ட்ராக்கை 16 ஆக்கிவிட்டு இதை மறப்பவர்கள்தான் அதிகம்.
3. ஃபோல்டராக அடுக்கியிருந்தால் தாய் ட்ராக்கின் எண்ணிக்கை.
4. பிளக்-இன்னில் ஆர்டர் 'ஆட்டோ' என்று இருந்தால், கிடைக்கும் சேனலைப் பார்த்து அது தானாக ஆர்டரைக் குறைத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது.

எங்கே உதிர்கிறது என்று கண்ணால் பார்க்க எனர்ஜி-விஷுவலைஸரை ஒவ்வொரு கட்டத்திலும் போட்டுப் பாருங்கள். சாவிக்கொத்தை முன்னால் வைத்தால் வெளிச்சப் பொட்டு முன்னால் விழ வேண்டும். எந்த ட்ராக்கில் பொட்டு சிதறுகிறதோ, அதற்கு முந்தைய இணைப்புதான் குற்றவாளி.

## அறிகுறி: திசைகள் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட்டன

இதில் நிதானம் வேண்டும். எது எங்கே போனது என்பதை எழுதி வைத்துக்கொண்டால் காரணம் தானாக வெளியே வரும்.

முன்னால் வைத்தது இடப்பக்கம், இடப்பக்கம் வைத்தது தலைக்கு மேல், மேலே வைத்தது முன்னால்

பழைய ஃபூமா வரிசைக் கோப்பை ஏசிஎன் என்று நினைத்து வாசிக்கிறீர்கள். ஃபூமாவில் பொதுச் சேனலுக்குப் பிறகு முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ் என்று வரும். மைக்கேல் கெர்சன் 1970களில் ஆம்பிசானிக்ஸை வகுத்த காலத்திலிருந்து வரும் மரபின் வரிசை இது. பழைய பதிவுகளிலும் பழைய ஒலித் தொகுப்புகளிலும் இதுதான் இருக்கும். ஒரு மாற்றி பிளக்-இன் போட்டால் தீர்ந்தது.

முன்னால் வைத்தது தலைக்கு மேல், மேலே வைத்தது இடப்பக்கம், இடப்பக்கம் வைத்தது முன்னால்

இது தலைகீழ். ஏசிஎன் கோப்பை ஃபூமா என்று வாசிக்கிறது. ஏற்கெனவே மாற்றிய கோப்பின் மேல் மாற்றியை இன்னொரு முறை போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

முன், பின், மேல் சரி. இடமும் வலமும் மட்டும் மாறியிருக்கிறது

முதலில் ஹெட்ஃபோன். அது சரியென்றால், கோணத்தை எண்ணும் திசை. ஐஇஎம்-இலும் சோஃபா என்ற காது அளவீட்டுக் கோப்புகளிலும் 90 டிகிரி என்றால் இடப்பக்கம். யூனிட்டி போன்ற கேம் எஞ்சின்களில் கோணம் வலப்பக்கமாக ஏறும். ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போடும்போது குறியை மாற்றுங்கள்.

திசை சரி, ஆனால் கூர்மை இல்லை. அல்லது எதிர்ப்பக்கமும் கசிகிறது

வரிசை சரியாக இருக்கிறது, அளவுதான் பொருந்தவில்லை. எஸ்என்3டி, என்3டி என்று இரண்டு அளவு முறைகள் உண்டு. முதல் ஆர்டர் சேனல்களில் இவற்றுக்குள் 4.8 டெசிபல் வித்தியாசம், மூன்றாம் ஆர்டரில் 8.5 டெசிபல் வரை. ஒவ்வொரு பிளக்-இன்னிலும் இந்தத் தேர்வு ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலிருந்து கடைசி வரை பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் மாறியிருந்தாலும் படம் மங்கிவிடும்.

நீங்களே ஆம்பிசானிக் மைக்கில் பதிந்தது. எதுவும் எதோடும் பொருந்தவில்லை

நான்கு குமிழ் (ஒலி வாங்கும் கேப்ஸ்யூல்) மைக்கிலிருந்து வரும் ஏ-வடிவத்தை, அதாவது குமிழ்களின் மூல ஒலியை, பி-வடிவமாக, அதாவது ஆம்பிசானிக் சேனல்களாக மாற்றாமல் டிகோடருக்கு அனுப்பியிருக்கலாம். மாற்றியிருந்தால், கேபிள் வரிசை மாறியிருக்கலாம், அல்லது மைக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டது மாற்றியில் குறிக்கப்படாமல் போயிருக்கலாம்.

இதற்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு, கட்டாயம் கைக்கொள்ளுங்கள். பதிவு தொடங்கியதும் மைக்கைச் சுற்றி நடந்துகொண்டே "முன்", "இடம்", "பின்", "வலம்" என்று அந்தந்த இடத்தில் நின்று சொல்லுங்கள். கையை மைக்குக்கு மேலே தூக்கி ஒரு முறை சொடக்குப் போடுங்கள். அரை நிமிட வேலைதான். வீட்டுக்கு வந்த பிறகு எது முன் என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு திசையில் மட்டும் பலவீனமாக இருந்தால் குமிழ் ஒன்று பழுதாகியிருக்கலாம். நான்கு தடத்தையும் தனித்தனியே கேளுங்கள். ஒன்றில் மட்டும் ஒலி குறைவாகவோ இரைச்சலாகவோ இருந்தால் மைக்கை அதிகாரபூர்வ சர்வீஸுக்கு அனுப்புங்கள். குமிழ்களைப் பொருத்தி அளவுதிருத்தம் செய்துதான் தருகிறார்கள். அதை வீட்டில் பிரித்தால் அந்தப் பொருத்தம் போய்விடும்.

## அறிகுறி: ஒரு பக்கமே சாய்கிறது

முன்னால் வைத்தது இடக்காதில் மட்டும். இடப்பக்கம் வைத்தால் நடுவில்

டிகோடர் பைபாஸில் இருக்கிறது, அல்லது போடவே இல்லை. ஆம்பிசானிக் சேனல்கள் அப்படியே காதுக்குப் போகின்றன. வலப்பக்கம் வைத்த ஒலி, எங்கே என்று பிடிபடாமல் பரவிக் கேட்கும். அதுவும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

எல்லாமே கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்கிறது

ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டுங்கள். சாய்வு மறுகாதுக்குப் போனால் குறை ஹெட்ஃபோனிலோ, கேபிளிலோ, கோப்பிலோதான் இருக்கிறது. மென்பொருளில் 'பேலன்ஸ்' நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேறு ஹெட்ஃபோனில் கேளுங்கள். சாய்வு அதே காதில் நின்றால் அது காது சம்பந்தப்பட்டது. சளியோ காதழுக்கோ காரணமாக இருக்கலாம். குச்சி விட்டுக் குடையாமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள். அது அவசரம், சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

## அறிகுறி: திசை தெரிகிறது, ஆனால் ஒலி தலைக்குள்ளேயே இருக்கிறது

படிக்கிறவர்களை அதிகம் சோர வைப்பது இதுதான். பெரும்பாலானோர் எச்ஆர்டிஎஃப்-ஐக் குறை சொல்வார்கள். தலையும் தோளும் காது மடலும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்று அளந்து வைத்த தொகுப்பு அது. அதைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

ஒலி உலர்ந்து இருக்கிறதா?

அறையே இல்லாத ஒலி வெளியே போய் நிற்காது. சுவரிலிருந்து திரும்பும் முதல் சில பிரதிபலிப்புகள்தான் தூரத்தைத் தருகின்றன. என்கோடரை (ஒலிக்குத் திசை கொடுக்கும் பிளக்-இன்) எடுத்துவிட்டு, அறைப் பிரதிபலிப்பையும் சேர்க்கும் ரூம்-என்கோடரைப் போடுங்கள். உங்கள் அறையின் நீள அகலத்தை டேப்பால் அளந்து, அதையே கொடுங்கள். ஒலிமூலத்தை முன்னால் இரண்டு மீட்டரில் வையுங்கள், கேட்பவரைச் சுவருக்கு ஒட்டி வைக்காதீர்கள். பிறகு எதிரொலி வாலைச் சேர்க்கும் எஃப்டிஎன்-ரிவெர்ப் கொஞ்சம். பெரும்பாலும் இதோடு ஒலி நெற்றியை விட்டு வெளியே போய்விடும்.

உங்கள் அறையின் அளவையே கொடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கண் பார்க்கும் அறையும் காது கேட்கும் அறையும் ஒத்துப்போகும்போது ஒலி எளிதாக வெளியே நிற்கும். சின்னப் படுக்கையறையில் உட்கார்ந்து கல்மண்டப ரிவெர்ப்பைக் கேட்டால் மூளை நம்ப மறுக்கும். மண்டபத்தை நன்றாகச் செய்திருந்தாலும் அப்படித்தான். அறைக்கேற்ற ரிவெர்ப்பில் முதலில் வெற்றி பெறுங்கள், மண்டபத்துக்கு அப்புறம் போகலாம்.

தலைக்குள் இருப்பதோடு பாஸும் காணோமா?

ஒரு சேனலின் துருவம் (அலையின் ஏற்ற இறக்கம்) புரண்டிருக்கிறது. ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பாஸ் திரும்பி வந்தால் அதுதான்.

நேர் முன்னால் வைத்தது மட்டும் உள்ளே போகிறதா?

இது எல்லோருக்கும் நடக்கும். தலையை அசைத்தால் மட்டுமே முழுதாகத் தீரும். தலை அசைவை அளக்கும் ஹெட்-ட்ராக்கர் பற்றி, கீழே 'தலையைத் திருப்பினால்' என்ற பகுதியைப் பாருங்கள். ட்ராக்கர் இல்லாமல் கேட்பவர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால், முக்கியக் குரலை பூஜ்யம் டிகிரியில் வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளுங்கள். நான் 20, 30 டிகிரிக்குத் தயங்காமல் போவேன்.

எல்லாம் செய்தாயிற்று, இன்னும் உள்ளேதான்

இப்போது எச்ஆர்டிஎஃப்-ஐ மாற்றலாம். ஐஇஎம் டிகோடர் நாய்மன் கேயு 100 பொம்மைத் தலையின் அளவீட்டைப் பயன்படுத்துகிறது. உங்கள் தலைக்கு அது பொருந்தாமல் போகலாம். ஆல்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்பார்டா தொகுப்பில் சோஃபா கோப்பை ஏற்றும் வசதி உண்டு. யார்க் பல்கலைக்கழகத்தின் சாடி 2, கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தின் சிபிக் போன்ற இலவசத் தொகுப்புகளிலிருந்து சிலரின் காதுகளை மாற்றி மாற்றிப் போட்டு, சாவிக்கொத்து எதில் நன்றாக வெளியே நிற்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு 44.1 கிலோஹெர்ட்ஸா, உங்கள் திட்டம் 48-ஆ என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மறுமாதிரி எடுக்காமல் ஏற்றினால் காது மடலின் அடையாளங்கள் எல்லாம் ஏறக்குறைய 9 சதவீதம் மேலே நகர்ந்துவிடும்.

சொந்தக் காதை அளப்பது கடைசிப் படி. முப்பரிமாண ஸ்கேனிலிருந்து மெஷ்2எச்ஆர்டிஎஃப் என்ற திறமூல மென்பொருளால் கணக்கிடலாம்; பொறுமை வேண்டும். எதிரொலியற்ற அறையில் அளப்பது பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றோடு பேசி ஏற்பாடு செய்யும் வேலை. படிக்கும் கட்டத்தில் அது தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

## அறிகுறி: முன்னால் வைத்தது பின்னால் கேட்கிறது

எல்லா ஒலிக்குமா, சிலவற்றுக்கு மட்டுமா?

சாவிக்கொத்து முன்னால் நின்று, குரலோ வீணையோ மட்டும் பின்னால் போனால் கோளாறு அமைப்பில் இல்லை. அந்த ஒலியில் மேல் அதிர்வெண் போதவில்லை. இரைச்சல் நீக்கி, டி-எஸ்ஸர், லோ-பாஸ் என்று பதிவில் எதையாவது அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

சாவிக்கொத்தும் பின்னால் போகிறது

ஒலிக்காட்சி முழுவதையும் சுழற்றும் சீன்-ரொட்டேட்டரைப் போட்டு, காட்சியை மெதுவாக இடமும் வலமும் 20 டிகிரி ஆட்டுங்கள். அதோடு உங்கள் தலையையும் எதிர்த்திசையில் அதே அளவு திருப்புங்கள். ஒலி சட்டென்று முன்னால் வந்து நின்றால், அமைப்பில் குறையில்லை. தலை அசைவுதான் இல்லாமல் இருந்தது. முன்-பின் குழப்பத்தைத் தலை அசைவு தீர்க்கிறது என்பதை ஹான்ஸ் வாலக் 1940-லேயே காட்டிவிட்டார்.

அப்படியும் வரவில்லை என்றால் ஹெட்ஃபோன். இரைச்சல் நீக்கும் முறை, வெளியொலி கேட்கும் முறை, செயலியில் உள்ள ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணையுங்கள். ஐஇஎம் டிகோடரில் பல ஹெட்ஃபோன் மாடல்களுக்குச் சமன் செய்யும் பட்டியல் இருக்கிறது. உங்களுடையது அதில் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் கிட்டத்தட்ட ஒத்த இன்னொரு மாடலைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். அதன்பின் மேலே சொன்னபடி வேறு எச்ஆர்டிஎஃப்.

முதல் ஆர்டரில் வேலை செய்கிறீர்களா? தலை அளவுக்கு அது ஏறக்குறைய 600 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாக இருக்கும். மூன்றாம் ஆர்டர் 1,800 வரை. மேலே போகப்போக டிகோடர் சமாளிக்கிறது. கணினி தாங்கினால் மூன்றுக்குக் குறைவாகப் படிக்காதீர்கள்.

## அறிகுறி: உயரம் தெரியவில்லை

உயரம் காது மடலின் வேலை, அதுவும் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. அதனால் முதலில் ஒலியில் அந்தப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முந்தைய பகுதியில் சொன்ன ஹெட்ஃபோன் சோதனைகள். 8,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டம் தூக்கலாக இருக்கும் ஹெட்ஃபோனில் எல்லாமே கொஞ்சம் மேலே கேட்கும். ஒலி மேலேயே ஒட்டிக்கொண்டால் அங்கே இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள்.

காதுக்குக் கீழே வைப்பது பொம்மைத் தலை எச்ஆர்டிஎஃப்-இல் யாருக்கும் திருப்தியாக வருவதில்லை. கதைக்கு அவசியம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: தலையைத் திருப்பினால் ஒலி தவறாக நகர்கிறது

ஒலி தலையோடு இரண்டு மடங்கு ஓடுகிறது

குறி புரண்டிருக்கிறது. தலை இடப்பக்கம் 30 டிகிரி திரும்பினால் காட்சி வலப்பக்கம் 30 திரும்ப வேண்டும். சீன்-ரொட்டேட்டரில் அந்த அச்சைப் புரட்டுங்கள்.

சரியான திசை, ஆனால் தாமதம்

ப்ளூடூத்தா? அதுதான் காரணம், நூறு மில்லிசெகண்டுக்கு மேல் சாதாரணமாகத் தின்னும். மொத்தத் தாமதம் 60 மில்லிசெகண்டைத் தாண்டினால் காது கண்டுபிடிக்கத் தொடங்கும். வயருக்கு மாறியும் இருந்தால் பஃபரை (கணினி ஒரே தடவையில் எடுத்துச் செய்யும் மாதிரிகளின் எண்ணிக்கை) குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1,024 மாதிரி என்பது 21 மில்லிசெகண்ட், 128 என்பது மூன்றுக்கும் குறைவு.

நேரம் ஆக ஆக 'முன்' நகர்ந்துபோகிறது

சென்சாரை மேசையில் சில விநாடி அசையாமல் வைத்து மறுபடி தொடங்குங்கள். இரும்பு மேசை, ஸ்பீக்கர் காந்தம், லேப்டாப் அருகில் இருந்தால் தள்ளி வையுங்கள். ட்ராக்கரை ஹெட்ஃபோனின் ஸ்பீக்கர் மேலேயே ஒட்டியிருந்தால் தலைப்பட்டைக்கு மாற்றுங்கள்.

அண்ணாந்து பார்த்தால் காட்சி துள்ளுகிறது

மூன்று கோணங்களாக அனுப்புவதை விட்டு குவாட்டர்னியனாக (திருப்பத்தை நான்கு எண்களால் சொல்லும் முறை) அனுப்புங்கள்.

வர்ணனைக் குரலும் சேர்ந்து சுழல்கிறது

அதை ரொட்டேட்டருக்குப் பிறகு, தனி ஸ்டீரியோ ட்ராக்காகச் சேருங்கள்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் கிராட்ஸ்காரர்களின் மிஸ்டர்-ஹெட்-ட்ராக்கர் திட்டத்தைப் பாருங்கள். ஆர்டுவினோவும் ஒரு சென்சாரும் போதும். சால்டரிங் தெரியாவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் படித்த நண்பரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: நீங்களே அளந்த அறையின் ரிவெர்ப் செயற்கையாக இருக்கிறது

ஒரு மண்டபத்திலோ வகுப்பறையிலோ ஸ்வீப் ஒலியை (கீழ் அதிர்வெண்ணிலிருந்து மேலே ஏறும் ஒலி) ஓடவிட்டு இம்பல்ஸ் (அந்த அறையின் எதிரொலி அடையாளம்) எடுப்பது படிப்பின் மிக அழகான பகுதி. பிசகுவதற்கு வழிகளும் இங்கேதான் அதிகம்.

வால் அடங்காமல் 'ஸ்ஸ்' என்று நீள்கிறது

பின்னணி இரைச்சல் இம்பல்ஸுக்குள் வந்துவிட்டது. இருக்கும் கோப்பைக் காப்பாற்ற, வால் இரைச்சலில் மூழ்கும் இடத்தைப் பார்த்து அங்கே ஃபேட் கொடுத்து வெட்டுங்கள். திரும்பப் போக முடிந்தால் ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃபேன் இரைச்சல் மட்டும் போடுவதில்லை, காற்றையும் நகர்த்தி அளவீட்டையே கலைக்கிறது. ஸ்வீப்பின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் லாபம். ஸ்வீப் முடிந்ததும் ரிவெர்ப் முழுக்க அடங்கும் வரை ஓடவிடுங்கள். நடுவில் காகம் கத்தினால் அந்த முறையைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எடுங்கள், ஒட்டுப்போட வேண்டாம்.

ஒலி வருவதற்கு முன்பே ஒரு சிணுங்கல் கேட்கிறது

ஸ்பீக்கரின் திரிபு. ஆஞ்சலோ ஃபரினா 2000-இல் முன்வைத்த ஸ்வீப் முறையின் பெரிய வசதியே இந்தத் திரிபு நேரடி ஒலிக்கு முன்னால் தனியே வந்து விழுவதுதான். அதனால் நேரடி ஒலிக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். அடுத்த முறை ஸ்பீக்கரின் அளவைக் குறையுங்கள்.

கீச்சென்று, வளைந்து வளைந்து கேட்கிறது

ஸ்வீப்பை போனில் ஓடவிட்டு வேறு ரெக்கார்டரில் பதிந்தீர்களா? இரண்டின் கடிகாரமும் நூலிழை வேறுபடும், ஸ்வீப் ஒரே இம்பல்ஸாக முழுதாக மடங்காது. ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸில் ஓடவிட்டு, அதிலேயே பதியுங்கள்.

ரிவெர்ப் போட்டதும் குரல் குடைந்துபோகிறது

இம்பல்ஸில் நேரடி ஒலியும் இருக்கிறது. உங்கள் மூல ஒலியோடு அது மோதுகிறது. சென்ட்டில் போட்டிருந்தால் பிளக்-இன்னின் உலர் அளவைப் பூஜ்யமாக்குங்கள், இம்பல்ஸின் முதல் கூர்முனையை வெட்டுங்கள்.

பலூன் உடைத்து எடுத்தது, பாஸ் இல்லை

இருக்காது. பலூன் கீழ் அதிர்வெண்களில் பலவீனம், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வெடிக்கும், எல்லாத் திசைக்கும் சமமாகவும் பரவாது. இடத்தின் குணத்தைக் கேட்டுப்பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

50 ஹெர்ட்ஸ் உறுமல்

லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். போய்விட்டால் எர்த் சம்பந்தப்பட்டது. எர்த் பின்னை உடைத்தோ டேப் சுற்றியோ சரி செய்யவே கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டடம் கட்டவோ திருத்தவோ எண்கள் வேண்டுமென்றால் உங்கள் இம்பல்ஸ் போதாது. எல்லாத் திசைக்கும் பரப்பும் ஸ்பீக்கரும் அளவுதிருத்திய மைக்கும் கொண்டு அளக்கும் ஒலியியல் பொறியாளரை அழையுங்கள்.

## அறிகுறி: டிக் டிக், விட்டுவிட்டு வருகிறது

பஃபரை ஏற்றுங்கள். தீரவில்லையென்றால் ஒவ்வொரு ட்ராக்கிலும் தனி டிகோடர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். டிகோடர் கடைசியில் ஒன்றே ஒன்று போதும். ரூம்-என்கோடரில் 236 பிரதிபலிப்புகள் வரை ஏற்றலாம். படிக்கும்போது அதில் ஒரு பங்கு போதும்.

## அறிகுறி: ரீப்பரில் நன்றாக இருந்தது, வெளியே எடுத்ததும் போய்விட்டது

ஹெட்ஃபோனுக்கான பைனாரல் கோப்பு

குறைந்த பிட்ரேட் எம்பி3 இரு காதுக்கும் உள்ள நுண்ணிய வித்தியாசத்தைத்தான் முதலில் தியாகம் செய்யும். வேவ் அல்லது ஃபிளாக் ஆக எடுங்கள். வாட்ஸாப்பில் ஆடியோவாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள்.

ஆம்பிசானிக் கோப்பு

ரெண்டர் சாளரத்தில் 'ஸ்டீரியோ' என்று நின்றிருக்கும். 4 அல்லது 16 என்று மாற்றுங்கள். மாஸ்டர் ட்ராக்கின் எண்ணிக்கையையும் பாருங்கள். டிகோடரை எடுத்துவிட்டுத்தான் ரெண்டர் செய்ய வேண்டும். ஏஏசி-யாகச் சுருக்கினால் சில கருவிகள் 4 சேனலை ஸ்பீக்கர் அமைப்பு என்று எண்ணி வரிசையைக் கலைத்துவிடும், அதனால் சுருக்காத பிசிஎம் ஆக வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூப் 360

முதல் ஆர்டர், ஏசிஎன் வரிசை, எஸ்என்3டி அளவு, 4 சேனல். சுழலாத ஸ்டீரியோ வேண்டுமென்றால் அதோடு 2 சேர்ந்து 6. ஏற்றுவதற்கு முன் ஸ்பேஷியல் மீடியா மெட்டாடேட்டா இன்ஜெக்டரில் இடவொலி (ஸ்பேஷியல் ஆடியோ) என்ற குறியைப் போட வேண்டும், இல்லையென்றால் வெறும் ஒலியாக எடுத்துக்கொள்ளும். ஏற்றிய உடனே கேட்டுவிட்டுப் பதறாதீர்கள். இடவொலி தயாராகக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

## அறிகுறி: ஸ்பீக்கர் வளையத்தில் மட்டும் தவறு

ஹெட்ஃபோனில் சரி, ஸ்பீக்கரில் தவறு என்றால் மிக்ஸைத் தொடாதீர்கள். "ஒன்று", "இரண்டு" என்று எண் சொல்லும் குரலை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அனுப்பி, அந்த எண் ஒட்டிய ஸ்பீக்கரிலிருந்தே வருகிறதா என்று நடந்து பாருங்கள். கேபிள் மாறியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

வரிசை சரி, ஒலி ஒரு ஸ்பீக்கரை நோக்கியே இழுக்கப்படுகிறது என்றால், நடுவில் ஒலியளவு மானியை வைத்து ஒவ்வொன்றிலும் பிங்க் இரைச்சல் ஓடவிட்டு அளவைச் சமன் செய்யுங்கள். அப்புறம் தூரம்: 34 சென்டிமீட்டர் அருகில் இருக்கும் ஸ்பீக்கருக்கு ஒரு மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்கள். வளையம் ஒழுங்கற்றதாக இருந்தால் ஆல்ராட்-டிகோடரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் கோணத்தையும் அளந்து எழுதுங்கள், கண்மதிப்பில் எழுத வேண்டாம். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் மட்டும் ஓட்டை விழுந்தது போல இருந்தால் அவற்றில் ஒன்றின் துருவம் புரண்டிருக்கிறது.

தலைக்கு மேலே ஸ்பீக்கர் தொங்கவிட வேண்டிய கட்டம் வந்தால் ரிக்கிங் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். தாங்கும் எடை, இரண்டாவது பாதுகாப்புக் கம்பி, கூரையின் பலம் மூன்றையும் அவர்கள் பார்த்து ஒப்புதல் சொல்லும் வரை அதற்குக் கீழே யாரையும் உட்கார வைக்காதீர்கள்.